ஹுன்னஸ்கிரிய நடைஞானம்: அட்டைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

நடந்தால் ஞானம் வரும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. அரிஸ்டாட்டில் உலாவிக்கொண்டே பாடம் சொன்னார் என்பார்கள். தோரோ நடையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். 1862இல் அது அச்சாகும்முன் காலமாகிவிட்டார். நம்முடைய காரைக்கால் அம்மையாரோ கயிலைக்குத் தலையாலேயே நடந்தவர். ஆனால் எந்தச் சரிவில், ஒரு கட்டைக்கு எவ்வளவு ஞானம் விளையும் என்பதை எவரும் கணக்கிடவில்லை. கண்டி–மகியங்கனை வீதியில், நக்கிள்ஸ் மலைகளை அண்டிக் கிடக்கும் ஹுன்னஸ்கிரியவைக் களமாகக் கொண்டு இக்குறையைத் தீர்க்க முனைகிறோம்.

முதலில் எண்வாதிகளைத் தள்ளிவிடுவோம். இதே வீதியில் மகியங்கனைப் பக்கம் இறங்கும் 18 வளைவுகளைப் பதினெட்டுப் படியோடும் பதினெண் சித்தரோடும் பொருத்துவது இவர்கள் மரபு. வீதியைச் செப்பனிட்டபோது ஒரு வளைவு காணாமற்போய் 17 ஆனது. எந்தச் சித்தரை நிமிர்த்தினார்கள் என்பதற்கு இவர்களிடம் பதில் இல்லை.

பௌத்தர்கள் கவனமானவர்கள். உலாவித் தியானிப்பதன் ஐந்து பயன்களை அங்குத்தர நிகாயம் எண்ணிச் சொல்கிறது. நெடுவழி நடக்கும் திறன், முயற்சி, நோயின்மை, உண்டது செரித்தல், நிலைத்த மன ஒருமை. ஒருமைக்கு முன்பே செரிமானத்தை வைத்த நேர்மையை வணங்குகிறோம்.

இனி அட்டை. மழைக்காலத்தில் லூல்வத்தை வழியாக மீமுரே நோக்கி நடப்பவருக்கு இதுவே முதற்குரு. புல்நுனியில் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையைத் தூக்கிக் காற்றைத் துழாவிக் காத்திருக்கும். கடிப்பது தெரியாது, இரத்தம் உறையாதிருக்க மருந்தும் தானே இட்டுவிடும். கோப்பித் துரைமார் இதற்கென்றே தனிக் காலுறை போட்டதை எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதிவைத்தார். கொழும்பிலிருந்து முதுகுப்பையோடு வருபவர், சவுக்காரம் தேய்த்த காலுறையையும் மீறி அட்டை ஏறியதும் நின்று குனிகிறார். பற்று, பற்றின்மை என ஏதேதோ அவருக்குத் தோன்றிவிடுகிறது. அதே பாதையில் கொழுந்துக்குப் போகும் பெண் அட்டையைக் கிள்ளி எறிந்துவிட்டு நடக்கிறாள். அட்டை ஒன்றே, ஞானம் ஒருவருக்குத்தான். ஏன்?

இதிலிருந்து பெறப்படும் விதி: கிட்டும் ஞானம், தலைக்கயிற்றில் தொங்கும் கூடையின் எடைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். கூடை வெறுமையாக இருந்தாலும் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நேரமாகிவிட்டால் ஞானம் பூச்சியம் என்பது துணைவிதி.

வரலாறும் இதையே சொல்கிறது. 1815 பெப்ரவரியில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஒளிந்து திரிந்து பிடிபட்டது இதற்கு அருகே, மெதமகாநுவரப் பக்கத்தில். கண்டியின் கடைசி அரசனுக்கு வழிநெடுக என்ன தத்துவம் தோன்றியதென்று ஏடு எதுவும் சொல்லவில்லை. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடத்திக் கொண்டுவரப்பட்ட தோட்டத் தொழிலாளரில் வழியிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் ஏராளம். அந்த நடையிலிருந்து வாழ்க்கைப் பாடம் எடுக்க நம் ஆய்வுக்குத் துணிவில்லை. அவர்கள் வந்ததன் இருநூறாண்டு நினைவாக 2023 யூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளை சேர்ந்த நடைபயணிகளும் ஞானம் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது காணியும் சம உரிமையும்.

ஆய்வுமுறைப்படி, விதியை லயத்து ஆச்சி ஒருவரிடம் மதிப்பீட்டுக்கு வைத்தோம். பொறுமையாகக் கேட்டார்.

"மழையில நனைஞ்சு நடந்து எடுத்த ஞானமா தம்பி? அப்போ நிறுக்கையில தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிச்சிருவாங்களே."