காசிக்குப் போற மருமவனுக்கு மாமன் சொல்லும் சொட்டுப் புராணம்

வாரும்வே மருமவனே, வாரும். காசிக்குக் கிளம்பியாச்சாமே? ஊரெல்லாம் உம்ம மூட்டையப் பத்தித்தான் பேச்சு. ஒரு தூக்கு முறுக்கு, ரெண்டு கிலோ கடலைமிட்டாய், புளியோதரைப் பொட்டலம், ஜமுக்காளம், காத்து ஊதுற தலையணை. வெத்தலைப் பொட்டி மட்டும் யாரையும் நம்பாம உம்ம மடியில. எல்லாம் சரிதான், அந்தக் கண்ணுச் சொட்டு மருந்து எங்கவே? “பத்து நாள்தானே, வந்து பாத்துக்கிடலாம்”னு சொன்னீராமே! பேஷ். கண்ணுக்குள்ள இருக்க அழுத்தத்துக்கும் பத்து நாள் லீவு எழுதிக் குடுத்தாச்சாக்கும்.

அந்த அழுத்தத்தை டாக்டர் அளந்து பாத்துட்டு 26னு சொன்னாராம்லா. 10லருந்து 21 வரைக்கும் இருக்க வேண்டிய சங்கதி அது. நீர் அதைப் பரீட்சை மார்க்குன்னு நினைச்சுச் சந்தோசப்பட்டுட்டீரோ என்னமோ. படிக்கிற காலத்துல கணக்குல நீர் அவ்வளவு வாங்கினதில்லை, வாஸ்தவந்தான்.

“வலியே இல்லையே மாமா”ங்கீரு. வலிச்சா எல்லாரும் ஓடிருவமே! இந்தக் கிளாக்கோமாவோட சாமர்த்தியமே சத்தமில்லாம வேலை பாக்கிறதுலதான் இருக்கு. கண்ணுக்குள்ள ஊறுற நீர் சரியா வடியலைன்னா அழுத்தம் ஏறும், பின்னால இருக்க பார்வை நரம்பு கொஞ்சங் கொஞ்சமா சாகும். பக்கத்துப் புஞ்சைப் பங்காளி வருசத்துக்கு ஒரு விரக்கடை வரப்பை அரிக்கிற மாதிரி, ஓரப் பார்வையத்தான் முதல்ல தின்னும். நடுவுல எழுத்துப் பளிச்சுன்னு தெரியுதேன்னு நீர் பேப்பர் வாசிச்சுக்கிட்டு இருப்பீரு. பங்காளி தின்னதைச் சர்வேயரைக் கூப்பிட்டு மீட்டுக்கிடலாம். நரம்பு போச்சுன்னா போனதுதான், எந்தக் கோர்ட்டுலயும் திரும்பாது. சொட்டு மருந்தும் போனதைக் கொண்டாராது. மிச்சத்தைக் காவல் காக்கும், அவ்வளவுதான். காவக்காரனுக்குப் பத்து நாள் லீவு குடுத்துட்டுக் காசிக்குப் போற புண்ணியவானை இப்பத்தான் பாக்கேன்.

உங்க அய்யா கடைசிக் காலத்துல திண்ணை தெரியாம இடிச்சுக்கிட்டு நடந்தாரே, ஞாபகம் இருக்கா? பெத்தவங்களுக்கோ கூடப் பிறந்தவங்களுக்கோ இந்த நோய் இருந்தா நமக்கும் வர வாய்ப்பு அதிகம். சொத்துப் பங்குக்காகத் தாலுகாபீசுக்கு நடையா நடந்த உம்ம தம்பியையும் ஒருதரம் கண்ணைக் காட்டச் சொல்லும். இந்தப் பங்கு கேக்காமலே வந்து சேரும்.

சரி, மருந்தை எங்க வைப்பீரு? பெரிய பெட்டிக்கு அடியில, வேட்டிக்கு நடுவுல. ராத்திரி சொட்டு விடணும்னா மொத்தப் பெட்டியையும் கவுக்கணும். பொட்டியே களவு போச்சுன்னா கண்ணும் சேந்து போச்சு. கைப்பையில வையும்வே. நாளைக்கு மகன் துபாய்க்குக் கூப்பிட்டாலும் இதேதான். பிளைட்டுல கையில கொண்டு போற தண்ணிச் சாமானுக்கு 100 மில்லி கணக்கு உண்டு. உம்ம பாட்டில் 5 மில்லியத் தாண்டாது. டாக்டர் சீட்டையும் கூட வையும். மேல ஒரு பாட்டில் இருந்தாக் குத்தமில்லை. கை தவறி ஒண்ணு உடைஞ்சா, காசியில கடைக்காரன்கிட்ட “அந்த மஞ்ச மூடி மருந்து”ன்னு இந்தியில சொல்லத் தெரியுமா உமக்கு?

வெயிலையும் கொஞ்சம் யோசியும். சித்திரை வைகாசியில காசியில 40 டிகிரியைத் தாண்டும். லட்டனோபிராஸ்ட்டுங்கிற ராத்திரிச் சொட்டைத் திறக்காம வச்சிருந்தா, பெரும்பாலும் 2லருந்து 8 டிகிரி வரை குளிர்ச்சி வேணும். திறந்துட்டா 25 டிகிரி வரை தாங்கும். அட்டையில போட்டிருக்கும், ராசிபலன் வாசிக்கிற அக்கறையில பாதியாவது அதுல காட்டும். சின்னத் தெர்மாஸ்ல குளிர்ந்த தண்ணிப் பையோட துணி சுத்தி வையும். ஐஸுக்குள்ள புதைச்சு உறைய விட்டுராதீரும். கார்ல போனா கண்ணாடிக்கு முன்னால வைக்காதீரும், அங்க பிள்ளையார் இருக்கலாம், மருந்து இருக்கக் கூடாது. திறந்த தேதிய பாட்டில்லயே எழுதி, நாலு வாரம் ஆனா மிச்சம் இருந்தாலும் தூரப் போடும். தெரியும், தீபாவளி எண்ணெயைப் பொங்கல் வரைக்கும் வைக்கிற கை உமக்கு.

விடுற முறை இருக்கே, அதுலதான் உம்ம வித்தை. ஆடுற ரயில்ல நின்னுக்கிட்டு அண்ணாந்தா, சொட்டு மீசைக்குத்தான் போகும். அந்த ராத்திரிச் சொட்டு இமை முடிய வளர்க்கும்னு கேள்விப்பட்டு மீசைக்கு விடலாம்னு கணக்குப் போடாதீரும். வண்டி ஸ்டேஷன்ல நிக்கையில பெர்த்துல மல்லாந்து படும். முதல்ல சோப்பு போட்டுக் கையைக் கழுவும். வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவின விரலோட இமையத் தொட்டீரு, நோய்க்கு வேலையில்லாம சுண்ணாம்பே கண்ணை அவிச்சிரும். கீழ் இமைய லேசா இழுத்து ஒரே ஒரு சொட்டு. பாட்டில் மூக்கு கண்ணுலயோ இமையிலயோ படக் கூடாது. ரெண்டு சொட்டு விட்டா ரெட்டைப் பலன் கிடையாது, கண்ணுக்கு ஒண்ணையே முழுசாத் தாங்க இடமில்லை. மிச்சம் கன்னத்துலதான் வழியும்.

விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்துல கண்ணுமுனைய விரலால ரெண்டு நிமிசம் அமுக்கும். அங்க ஒரு வாய்க்கால் இருக்கு. அது வழியா மருந்து மூக்குக்குப் போய் ரத்தத்துல கலந்துரும். டைமோலால்னு இன்னொரு கிளாக்கோமாச் சொட்டு இருக்கு, அது இப்படி உள்ள போனா ஆஸ்துமாக்காரருக்கு மூச்சை இறுக்கும், நாடியையும் மந்தமாக்கும். அதனால எதிர் சீட்டுக்காரருக்குக் கண்ணு உறுத்துதுன்னு உம்ம மருந்தைத் தானம் பண்ணி காசிப் புண்ணியம் தேடாதீரும். ரெண்டு வகை மருந்துன்னா நடுவுல அஞ்சு நிமிசம் விடும். ஒரு வேளை மறந்தா நினைவு வந்ததும் விடும். அடுத்த வேளை நெருங்கிருச்சுன்னா போனது போகட்டும், சேத்து விட்டு வட்டி கட்ட வேண்டாம்.

கை நடுங்குதுங்கீரா? நம்ம எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரத்துல பிறந்தவர் டாக்டர் வெங்கடசாமி. மூட்டுவாதத்துல விரலெல்லாம் வளைஞ்சு போச்சு. அந்த விரலோட லட்சம் கண்ணுக்கு மேல ஆபரேஷன் பண்ணினாரு. 1976ல மதுரையில அரவிந்த் கண் ஆஸ்பத்திரியத் தொடங்கினவரும் அவருதான். உமக்குச் சீட்டாட்டத்துல நடுங்காத விரல் ஒரு சொட்டு விடவா நடுங்குது? முடியலைன்னா வீட்டுக்காரிகிட்ட நீட்டும், கௌரவம் குறைஞ்சிராது.

வழியில புகையும் தூசியும் பட்டு கண்ணு செவக்கும். உடனே மெடிக்கல் ஷாப்ல போய் “செவப்புக்கு ஏதாச்சும் குடுங்க”ன்னு நிக்காதீரும். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு கலந்த சொட்டுல செவப்பு குறையும், உள்ள அழுத்தம் ஏறும். பக்கத்து பெர்த்து ஆச்சி விளக்கெண்ணெய் விடச் சொல்லும், கேட்டுக்கிட்டுக் கும்பிடு போட்டுரும்.

கிளம்புறதுக்கு முன்னால டாக்டர்கிட்ட ஒண்ணு கேளும்: கண்ணுக்குள்ள நீர் வடியுற கோணம் திறந்திருக்கா, குறுகியிருக்கான்னு. குறுகின கண்ணுன்னா சில சளி மாத்திரையும், புரோமெதசின் மாதிரி பஸ் வாந்தி மாத்திரையும் கூட திடீர்னு அழுத்தத்தை ஏத்திரும். அப்பக் கண்ணு தெறிக்க வலிக்கும், தலை இடிக்கும், பார்வை மங்கும், விளக்கைச் சுத்தி வானவில் வளையம் தெரியும், வாந்தியும் வரும். பஸ் ஒத்துக்கலைன்னு எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டு உக்காந்திராதீரும். அந்த மணிக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும், விசுவநாதர் கோச்சுக்க மாட்டாரு.

காசிக்குப் போனா ஒரு காய், ஒரு பழம் துறந்துட்டு வரணும்பாங்க. நீர் இத்தனை வருசமா தொடாத பாகக்காயைத் துறக்கத் திட்டம் போட்டிருக்கீருன்னு உம்ம வீட்டுக்காரி எங்கிட்டச் சொல்லிட்டா. அதுக்குப் பதிலா “எல்லாம் எனக்குத் தெரியும்”ங்கிற அந்தப் பேச்சை அங்கயே துறந்துட்டு வாரும், ஊருக்கே புண்ணியம். சொட்டு மருந்து மட்டும் ஒரு வேளை தப்பக் கூடாது. ஊர் திரும்பின அந்த வாரமே தம்பியையும் கூட்டிக்கிட்டுப் போய் அழுத்தத்தை அளந்து பாத்துரும்.