பெல்ட் ஊரில் ஒரு பெல்ட்

அக்கா மகன் மேரிலாந்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அவன் பையன் லக்ராஸ் ஆடுகிறான். நடுவருக்கு ஆள் பற்றாக்குறையாம். ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த அப்பாக்களில் இவனைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். ஆட்ட விதி அவன் தலையில் ஏறுவதற்கு முன்பே எனக்குப் பட்டியல் வந்துவிட்டது: கறுப்பு பெல்ட், கோடு போட்ட சட்டை, மஞ்சள் கொடி இரண்டு, டேப், விசில்.

"அங்கயே கிடைக்குமேடா?"

"டாலர்ல பார்த்தா நெஞ்சு வலிக்குது மாமா. அம்மா வர்றப்ப கொடுத்தனுப்புங்க."

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று எங்கள் வட்டாரத்தையே 'லெதர் பெல்ட்' என்றுதான் எழுதுகிறார்கள். பெல்ட்டிலேயே குடியிருப்பவனுக்கு ஒரு பெல்ட் வாங்குவது கஷ்டமா? கஷ்டம்தான். நல்ல தோல் எல்லாம் கப்பலேறிவிடுகிறது. லாங் பஜாரில் என் கண்ணுக்குப் பட்டதில் பாதி ரெக்சின். ஐந்தாவது கடையில்தான் அசல் தோல் கிடைத்தது. இடுப்பளவு கேட்டார். போன் போட்டேன். 42. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் ஆணியும் சுத்தியலும் எடுத்து, நுனிப் பக்கம் இன்னும் இரண்டு ஓட்டை போட்டார்.

அடுத்தது தையற்கடை பாய். ஆட்டத்தைச் சொன்னால்தான் துணியைத் தொடுவார்.

"கம்பு முனையில வலை இருக்கும் பாய், பூரி எடுக்கிற ஜல்லிக்கரண்டி மாதிரி. அதுல பந்தை அள்ளிக்கிட்டு ஓடணும். வட அமெரிக்கப் பூர்வகுடிகளோட ஆட்டம். அந்தக் காலத்துல வலைய மான்தோல் வார்லதான் பின்னுவாங்க."

தோல் என்றதும் பாய் முகம் மலர்ந்தது. 1904, 1908 ஒலிம்பிக்கில் இருந்தது, 2028ல் லாஸ் ஏஞ்சல்ஸில் திரும்பவும் வருகிறது என்றதற்கு அந்த மலர்ச்சி இல்லை.

கோடு ஏன் என்று கேட்டார். 1920ல் மிச்சிகனில் லாயிட் ஓல்ட்ஸ் என்ற நடுவர் வெள்ளைச் சட்டையில் நின்றிருக்கிறார். வெள்ளைச் சட்டை அணிக்காரர் ஒருவர் நம்ம ஆள் என்று பந்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். கோடு பிறந்தது அப்படித்தான்.

"பந்து கைக்கு வந்துடுச்சில்ல சார்? அப்படியே ஓடி கோல் போட்டிருக்கலாமே!"

கொடியில்தான் நேரம் போனது. பந்து ஒரு அணியிடம் இருக்கும்போது எதிரணி தப்பு செய்தால் உடனே ஊதக் கூடாது. கொடியை வீசிவிட்டு, ஆட்டத்தை ஓட விட வேண்டும். காற்றில் பறக்காமல் விழ வேண்டுமானால் கொடிக்குள் கனம் வேண்டும். பாய் மண்டித் தெருப் பக்கம் கை காட்டி, உளுந்து போடலாம் என்றார். மழை பெய்தால் முளைக்கும், அதற்கு முன்னால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள் என்றேன். சைக்கிள் பால்ரஸ்? 1999ல் அமெரிக்கக் கால்பந்தில் நடுவர் வீசிய கொடியின் குண்டு கண்ணில் பட்டு, ஒரு வீரர் மூன்று சீசன் ஆட முடியாமல் போயிற்று. அதுவும் வேண்டாம். கடைசியில் வாசலில் கிடந்த மணலில் இரண்டு பிடி அள்ளித் தைத்துவிட்டார். பாலாற்று மணல் லாரி ஏறாமல் ஊரை விட்டுப் போனது அநேகமாக இதுதான் முதல் தடவை.

டேப்பை பாய் தன் கழுத்திலிருந்தே கழற்றிக் கொடுத்தார். கம்பை அளக்க அது போதும்: குட்டைக் கம்பு 40 முதல் 42 அங்குலம், நெட்டைக் கம்பு 52 முதல் 72. அக்கா மகன் குட்டைக் கம்பை டேப் இல்லாமலே அளக்கலாம், இடுப்பில் சுற்றிப் பார்த்தால் சரி.

விசிலை ஊதிப் பார்க்காமல் எப்படி வாங்குவது? ஒரு முறை ஊதினேன். லாங் பஜாரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. எனக்கு ரோஷம் வந்து சேர்ந்தாற்போல் இரண்டு முறை ஊதினேன். ஒரு விசில் நில், இரண்டு விசில் போ என்பது தமிழ்நாட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பின்னால் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த லோடு ஆட்டோ கிளம்பிவிட்டது. ஒன்றரைக் கூடை தக்காளிக்குக் காசு கொடுத்தேன். டாலரில் வாங்கியிருந்தாலே மிச்சம்.

போன மாதம் அக்கா மைதானத்திலிருந்து போன் செய்தாள்.

"உங்கிட்ட போய்க் கேட்டானே எம் பிள்ளை! சுத்தி நின்னு எல்லாரும் திட்றாங்கடா."

"நடுவர்னா திட்டத்தான் செய்வாங்க அக்கா."

"திட்றது இருக்கட்டும். தொரப்பாடி ஜெயில்லேர்ந்து தப்பிச்சு வந்தவன் மாதிரி ஒரு சட்டையத் தச்சுக் கொடுத்திருக்கியே, அதுக்கு எவ்ளோடா கொடுத்தே?"