செட் மாகாத்மியம்

இங்கிலீஷ் பாஷையைக் கற்றுக்கொள்வதற்காக நாம் பால்யத்தில் மனப்பாடம் செய்த நீண்ட நீண்ட வார்த்தைகளில் பெரும்பாலானவை பரீட்சை முடிந்த அன்றைக்கே நம்மிடம் விடைபெற்றுக்கொண்டு போய்விட்டன. ஆனால் எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுக்காமல், எந்தப் பிரம்படியும் வாங்கித் தராமல், தானாகவே வந்து நம் சமையலறையிலும் கொல்லையிலும் கல்யாணப் பந்தலிலும் சுவாதீனமாக நடமாடிக்கொண்டிருக்கிற வார்த்தை ஒன்று உண்டு. இங்கிலீஷில் அதற்கு மூன்று எழுத்து, தமிழில் இரண்டு: செட். இதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டால் ஒருவராலும் சட்டென்று சொல்ல முடியாது. இதை உச்சரிக்காமல் ஒரு நாள் பொழுதைக் கழிக்கவும் ஒருவராலும் முடியாது.

நம்மால் முடியாததைப் பற்றி வருத்தப்பட வேண்டியதில்லை. ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்களே இந்த வார்த்தையிடம் அகப்பட்டுக்கொண்டு திண்டாடியிருக்கிறார்கள். 1989-ல் இருபது வால்யூம்களாக வெளிவந்த அந்த அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்னும் வினைச்சொல்லுக்கு ஏறக்குறைய 430 அர்த்தங்கள் கொடுத்து, அவற்றை விளக்குவதற்குச் சுமார் 60,000 வார்த்தைகளைச் செலவழித்திருக்கிறார்கள். அதாவது, மூன்றெழுத்துச் சமாசாரம் ஒன்றைப் புரியவைப்பதற்கு ஒரு முழு நாவலின் பிரமாணத்துக்கு எழுத வேண்டியிருந்தது. முதல் பதிப்பில் இந்த வார்த்தை அடங்கிய பகுதிக்கு ஆசிரியராக இருந்தவர் ஹென்றி பிராட்லி என்பவர். அவர் சர்வகலாசாலையில் படித்துத் தேறியவர் அல்லர். ஷெபீல்டு நகரத்தில் கத்தி முதலிய சாமான்களைச் செய்து விற்கும் கம்பெனி ஒன்றில் இருபது வருஷ காலம் குமாஸ்தாவாக இருந்தவர். கத்தியும் முள்கரண்டியும் செட் செட்டாகக் கப்பலேறுவதற்குக் கணக்கு எழுதிய கை அல்லவா? அந்தப் பகுதியை அவரிடம் ஒப்படைத்ததில் தெய்வ சங்கற்பம் ஏதோ இருந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அதிக அர்த்தமுள்ள வார்த்தை என்ற சிம்மாசனம் இப்போது கைமாறிவிட்டது. 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு 645 அர்த்தங்கள் தேறியிருப்பதாக 2011-ல் அதே அகராதிக்காரர்கள் அறிவித்தார்கள். பீட்டர் கில்லிவர் என்ற உத்தியோகஸ்தர் ஒன்பது மாதத்துக்கு மேல் அந்த ஒரு வார்த்தையோடு குடித்தனம் செய்து அதைப் பிரசவித்தாராம். சீமையில் எப்படியோ போகட்டும். நம் பக்கத்தில் 'ரன்' கிரிக்கெட் மைதானத்தை விட்டு அதிக தூரம் ஓடவில்லை. ஆகையால் நம்மைப் பொறுத்தவரையில் செட்டே இன்னமும் சக்கரவர்த்தி.

இங்கிலீஷ்காரனுடைய சிக்கனத்தை எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. சூரியன் அஸ்தமிப்பதும் செட், சாந்து இறுகுவதும் செட், முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுவதும் செட். நகையில் கல் பதிப்பது, அச்சுக் கோப்பது, நாற்று நடுவது, பூவில் பிஞ்சு பிடிப்பது, எலிக்குப் பொறி வைப்பது, அண்டை வீட்டுக்காரன் மேல் நாயை ஏவுவது, பையன்களைக் கதறவைக்கும் வினாத்தாளைத் தயாரிப்பது ஆகிய எல்லாம் அவனுக்கு செட்தான். நமக்கோ ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சொல் வேண்டியிருக்கிறது. இதைக் கேட்டுவிட்டுத் தமிழின் சொல்வளம் பற்றி மார்தட்டிக்கொள்ள விரும்புகிறவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். வெயில் அடிக்கிறது, மணி அடிக்கிறது, சுவருக்கு வர்ணம் அடிக்கிறோம், தந்தி அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம், பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பி அடிக்கிறோம், இவ்வளவையும் கேட்கிறவருக்குப் போரும் அடிக்கிறது. ஆகவே இந்த விஷயத்தில் வெள்ளைக்காரனைப் பரிகசிக்கும் யோக்கியதை நமக்கு அவ்வளவாக இல்லை.

நம் கிராமாந்தரங்களில் இந்த வார்த்தைக்கு முதன்மையான அர்த்தம் கூட்டாளிகள் என்பது. "அவன் அந்தச் செட்டு" என்று ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டால், அவன் யாரோடு டீக்கடையில் உட்காருகிறான், எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறான், கோயில் திருவிழாவில் யாரோடு சண்டை பிடிப்பான் என்பது வரையில் எல்லாம் சொல்லியாகிவிட்டது. இதைக் கொச்சைப் பிரயோகம் என்று படித்தவர்கள் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் கூட்டத்தைக் குறிக்கும் இங்கிலீஷ் 'செட்'டின் பூர்வோத்தரத்தை விசாரித்தால், அது பிரெஞ்சு வழியாக லத்தீன் பாஷையின் 'செக்டா' என்ற சொல்லிலிருந்து வந்தது என்றும், ஒரு தலைவனைப் பின்பற்றிப் போகும் கூட்டத்துக்கு அந்தப் பெயர் என்றும் தெரியவருகிறது. ஆகவே, "செட்டு சேர்த்துக்கொண்டு சுற்றுகிறான்" என்று பேரனைத் திட்டுகிற பாட்டி, லத்தீன் பாஷையின் மூலார்த்தத்திலிருந்து இம்மியளவும் பிசகாமல் திட்டுகிறாள். தேநீர்க் கோப்பைகளுக்கு அந்தப் பெயரை வைத்த சீமை வர்த்தகன்தான் மூலத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டவன்.

அந்த வர்த்தகனால் விளைந்த விபரீதம் அதோடு நிற்கவில்லை. தமிழிலும் 'செட்டு' என்று ஒரு பழைய வார்த்தை இருந்தது. சிக்கனம் என்று அதற்குப் பொருள். கட்டும் செட்டுமாகக் குடித்தனம் நடத்துகிறாள் என்று ஒரு பெண்ணைப் புகழ்ந்தால், அரைக்கால் படி எண்ணெயை அடுத்த வெள்ளிக்கிழமை வரையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறவள் என்று அர்த்தம். இந்தச் சாதுவான வார்த்தை குடியிருந்த வீட்டிலேயே அதே குரலில் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு சீமைச் செட் வந்து நுழைந்தது. தமிழ்ச் செட்டு, "ஒன்றுகூட வாங்காதே" என்றது. இங்கிலீஷ் செட், "ஒன்று மட்டும் வாங்காதே" என்றது. எது ஜெயித்தது என்பதை அவரவர் வீட்டுப் பரண்மேல் ஏறிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். காபிக் கோப்பை ஒன்று உடைந்துபோய், அதற்கு ஈடாக ஒன்றே ஒன்று வேண்டும் என்று நான் ஒரு கடையில் கேட்டபோது, கடைக்காரர் என்னை மிகுந்த அனுதாபத்தோடு பார்த்து, "செட்டாகத்தான் சார் வரும்" என்றார். ஆறு கோப்பைகளையும் ஆறு தட்டுகளையும் சுமந்துகொண்டு வீடு திரும்பினால், மிஞ்சியிருந்த ஐந்து பழைய கோப்பைகள் செட் இல்லாதவை என்று அன்றைக்கே ஜாதிப்பிரஷ்டம் செய்யப்பட்டுவிட்டன. கல்யாணங்களில் பரிசாக வரும் டின்னர் செட்டைப் பற்றி நான் பிரஸ்தாபிக்கப் போவதில்லை. எந்த ஜன்மத்திலும் யாரும் சாப்பிடாத அந்தப் பீங்கான்கள், வர்ணக் காகிதம் மாற்றப்பட்டு, கல்யாணத்துக்குக் கல்யாணம் யாத்திரை செய்து, சில சமயம் புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வந்து சேர்வதை எல்லாரும் அறிவார்கள்.

இவ்வளவும் போதாதென்று, கொட்டகையைக் குறிக்கும் 'ஷெட்' என்ற வேறொரு இங்கிலீஷ் வார்த்தையும் நம்மவர் நாக்கில் 'செட்' ஆகிவிட்டது. மாட்டுச் செட்டு, கார் செட்டு, ரயில் எஞ்சின் செட்டு எல்லாம் அந்த வமிசத்தைச் சேர்ந்தவை. இரண்டு வமிசங்களும் ஒன்றாகக் கலந்ததால் உண்டாகும் விவகாரத்தை நான் நேரில் கண்டது, என் சித்தப்பாவின் வயலில் மோட்டார் களவு போய், அவரோடு துணைக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்த சமயத்தில். ஸ்டேஷன் ரைட்டர் பேனாவை எடுத்துக்கொண்டு மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"என்ன காணோம், பெரியவரே?"

"பம்பு செட்டைக் காணோம், ஐயா."

"எங்கே வைத்திருந்தீர்கள்?"

"வேறே எங்கே வைப்பேன்? செட்டுக்குள்ளேதான்."

"செட்டுக்குள்ளே செட்டா?"

"ஆமாம் ஐயா. செட்டை உடைத்துத்தான் செட்டை எடுத்திருக்கிறான்."

"உடைந்துபோன செட்டை எதற்காக எடுத்துக்கொண்டு போகிறான்?"

"உடைந்த செட்டு அங்கேயே நிற்கிறதே! உடையாத செட்டைத்தான் கொண்டுபோய்விட்டான்."

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு டீ வாங்கிவரச் சொன்னார். டீயைக் குடித்து முடித்த பிறகு, வேறு பக்கமாகப் போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணத்துடன், யார்மேலாவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். சித்தப்பா ஒரு கணமும் தாமதிக்காமல், "சந்தேகம் என்ன ஐயா, சாட்சாத் அந்தச் சீட்டாடுகிற செட்டுத்தான்!" என்றார். மோட்டார் என்றும் கொட்டகை என்றும் நான் குறுக்கே விழுந்து பிரித்துச் சொல்லியிராவிட்டால், அந்தப் புகார் என்ன ரூபத்தில் கோர்ட்டுக்குப் போயிருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நடுக்கமாக இருக்கிறது. தவிர, சீட்டாட்டத்திலும் ஒரே எண்ணுள்ள மூன்று சீட்டுகள் சேர்ந்தால் செட் என்று பெயர் என்பதைச் சித்தப்பாவின் காதில் விழும்படி நான் சொல்லவில்லை.

தபாலாபீசில் வருஷந்தோறும் லைசென்ஸ் பணம் கட்டி வைத்துக்கொண்டிருந்த ரேடியோ செட் மறைந்துவிட்டது. தென்னை மரத்தில் குழாயைக் கட்டி, "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்பதற்கு மேல் கணிதம் அறியாத மைக் செட் மட்டும் சிரஞ்சீவியாக இருக்கிறது. கோடம்பாக்கத்துச் செட்டில் அட்டையால் அரண்மனை கட்டுகிறார்கள். ஓட்டலில் செட் பரோட்டா தருகிறார்கள். இவற்றையெல்லாம் விவரித்துக்கொண்டு போனால் நானும் ஆக்ஸ்போர்டுக்காரர்களைப்போல 60,000 வார்த்தைகளுக்குப் போய்விடுவேன்.

டென்னிஸ் பந்தாட்டத்தின் செட்டை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை. செட் என்றால் முடிவுள்ள ஒன்று என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு 2010-ல் விம்பிள்டனில் ஞானோதயம் உண்டாயிற்று. ஜான் இஸ்னர், நிக்கோலா மஹூ ஆகிய இருவரும் ஆடிய ஐந்தாவது செட் மட்டும் 8 மணி 11 நிமிஷம் நடந்து, 70–68 என்ற கணக்கில் இஸ்னருக்கு ஜயமாக முடிந்தது. மொத்த ஆட்டம் மூன்று நாட்களில் பரவி 11 மணி 5 நிமிஷம் பிடித்தது. கணக்குக் காட்டும் யந்திரப் பலகை 47–47 என்ற இடத்தில் மேற்கொண்டு எண்ண மறுத்துவிட்டது. அந்தப் பலகையின்பேரில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

பள்ளிக்கூடத்துக் கணிதப் புத்தகத்தில் இதே செட்டுக்குக் 'கணம்' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பூதகணங்களும் அவற்றுக்கு அதிபதியாகிய கணபதியும் நமக்கு ஏற்கெனவே பரிச்சயமாகையால், ஜெர்மானியக் கணித சாஸ்திரி ஜார்ஜ் கான்டர் இந்தத் தத்துவத்துக்கு அஸ்திவாரம் போட்டபோது பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதில் வெற்றுக் கணம் என்று ஒன்று வருகிறது. அதற்குள் யாதொன்றும் கிடையாது, ஆனாலும் அது கணம்தான், எல்லாக் கணங்களுக்கும் அது உட்கணமுமாம். இது எப்படிச் சாத்தியம் என்று என் பேரன் மிகவும் குழம்பிப்போயிருந்தான். நான் எங்கள் தெருவிலுள்ள ஒரு பிரமுகரை ஞாபகப்படுத்தினேன். அவர் எந்தச் செட்டிலும் இருப்பார், ஆனால் அவர் வந்ததால் எந்தச் செட்டிலும் ஓர் ஆள் கூடினதாகக் கணக்கு ஏறாது. பையனுக்கு உடனே விளங்கிவிட்டது.

'செட் ஆகிறது' என்ற பிரயோகம் பிற்காலத்தில் வந்தது. கொத்தனார் சிமெண்டைப் பற்றிச் சொன்னபோது அது யோக்கியமான வார்த்தையாகத்தான் இருந்தது. சாதாரண சிமெண்டு முப்பது நிமிஷத்துக்கு முன்னால் இறுக ஆரம்பிக்கக் கூடாது, 600 நிமிஷத்துக்குள் இறுகி முடிந்துவிட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயத்தில் விதியே இருக்கிறது. இப்போது உத்தியோகம் செட் ஆகவில்லை, ஊர்த் தண்ணீர் செட் ஆகவில்லை, மாமியார் செட் ஆகவில்லை என்கிறார்கள். இவற்றுக்கு ஆரம்பக் கெடுவும் முடிவுக் கெடுவும் விதிக்க ஒரு சர்க்காராலும் இயலவில்லை. இந்த வார்த்தையின் சௌகரியமே அதில்தான் இருக்கிறது. தோஷம் நம்முடையதா, பிறத்தியாருடையதா என்று யாரும் ஆராய வேண்டியதில்லை; இரண்டு பேரும் நிரபராதிகளாகத் தலை நிமிர்ந்து போய்விடலாம்.

சமீபத்தில் கிராமத்திலிருந்து என் பெரியப்பா பிள்ளை எழுதிய கடிதம் இதோ என் மேஜைமேல் இருக்கிறது. "தம்பிக்கு ஆசீர்வாதம். குழந்தைக்கு வரன் செட் ஆகிவிட்டது. நகை இரண்டு செட் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். மேளம் ஒரு செட்; சமையலுக்கு நம் பழைய செட்டே வருகிறது. மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. பந்தலை நம் செட்டை ஒட்டினாற்போலப் போடுகிறோம். உன் மன்னிக்குப் பல் செட் வந்துவிட்டது, ஆனால் இன்னும் செட் ஆகவில்லை. உன் பள்ளிக்கூடத்துச் செட்டு எல்லாரும் வருகிறார்கள். நீயும் ஒரு செட் துணியோடு முதல் நாளே வந்து சேர்." இதை ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பிவைத்தால் எத்தனை மாதம் பிடிக்குமோ, எனக்கு ஒரு வாசகமும் தடைப்படவில்லை, அவர் சொன்னபடியே முதல் நாள் காலையில் போய் இறங்கினேன்.

பந்தல் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற இளைஞன் ஒருவன், என்னை இன்னாரென்று அறியாதவனாக, "சார், பெண் வீட்டுச் செட்டா, பிள்ளை வீட்டுச் செட்டா?" என்று மிகவும் பவ்யமாகக் கேட்டான்.

"காபி முதலில் யாருக்கு, தம்பி?"

"பிள்ளை வீட்டுச் செட்டுக்குத்தான் சார், மற்றவர்களுக்கு எட்டரை மணிக்கு மேல்தான்."

கல்யாணப் பெண்ணுக்கு நான் சித்தப்பா முறை. இருந்தாலும் அன்று காலை எட்டரை மணி வரையில் பிள்ளை வீட்டுச் செட்டில் இருந்தேன்.