கேளுங்கள், சிக்னல் கிடைக்கும்!

லினக்ஸ் கம்ப்யூட்டரில் டி.வி. கார்டு போட்டேன். டெலிடெக்ஸ்ட் ஓடும்போது சப்டைட்டில் புரோகிராமைத் திறந்தால் 'டிவைஸ் பிஸி' என்கிறதே?

முதலில் வந்தவர் துண்டு போட்டுவிட்டார்! டெலிடெக்ஸ்ட், சப்டைட்டில் இரண்டும் வரும் 'விபிஐ' டிவைஸிலிருந்து ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்க முடியும். 'இசட்விபிஐடி' சர்வீஸைப் பின்னணியில் ஓடவிடுங்கள். அது ஒரே ஆளாக டேட்டாவை வாங்கி, தன்னிடம் கேட்கத் தெரிந்த புரோகிராம்களுக்கெல்லாம் கொடுக்கும்.

அப்போது ஆளுக்கொரு சேனல் பார்க்கலாமா?

ட்யூனர் எத்தனை வாங்கினீர்கள்?

சிக்னலில் படம்தானே வருகிறது? எழுத்து எங்கே ஒளிந்திருந்தது?

பழைய 'பால்' டி.வி. ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். படம் வருவது சுமார் 576-ல்தான். மிச்சமெல்லாம், திரையின் அடிவரை வந்த எலக்ட்ரான் கற்றை மறுபடி மேலே போய்ச் சேர விட்ட அவகாசம். 'விபிஐ' எனப்படும் அந்த இடைவெளியில்தான் 1974-ல் பிபிசி தன் 'சீஃபாக்ஸ்' டெலிடெக்ஸ்ட் செய்திப் பக்கங்களை ஏற்றியது. ஒரு பக்கத்தில் வரிக்கு 40 எழுத்து. பக்க எண்ணை அழுத்திவிட்டு, அந்தப் பக்கம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொறுமைக்குத் தனிக் கட்டணம் கிடையாது!

சீஃபாக்ஸே 2012-ல் மூடியாச்சு. இனி விபிஐ டேட்டாவால் யாருக்கு லாபம்?

கேசட்டைத் தூக்கிப் போடாதவர்களுக்கு. பிரிட்டனில் அன்று வி.எச்.எஸ்.ஸில் நாடகம் பதிவு செய்தவர்கள், தெரியாமலே அன்றைய டெலிடெக்ஸ்ட் பக்கங்களையும் மங்கலாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆர்வலர்கள் அந்த டேப்களை ஓட்டி, விபிஐ கோடுகளிலிருந்து பழைய செய்தி, வானிலைப் பக்கங்களை மீட்டெடுக்கிறார்கள். நாடகத்தை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை.