பிழைத் தொலைவு: கைப்பின்னல் துயரியலுக்கு ஒரு முன்னுரை

கம்பளி நூலும் இரண்டு ஊசியும் கொண்டு நடக்கும் கைப்பின்னலில் உள்ள கண்ணிகள் இரண்டே. ஒன்று நிட், மற்றது பர்ல். நுணுகி நோக்கினால் அவையும் இரண்டல்ல. நிட்டைப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் பர்ல். 247 எழுத்துகளைக் கற்றுத் தேறிய ஒருவர், ஒன்றரை எழுத்தே உள்ள இக்கலையிடம் தோற்று, ஊசியையும் நூலையும் அலமாரியின் மேல்தட்டில் கண்மறைவாகப் போட்டுவைப்பது ஏன்? இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள் இதுவே.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: கைநடுக்கம், கண்மங்கல், பொறுமையின்மை. எழுபதைக் கடந்த பாட்டிமார்கள் சீரியல் பார்த்துக்கொண்டே காலுறை பின்னுவதால் முதலிரண்டும் அடிபடுகின்றன. பொறுமையின்மை எனின், அற்றன்று. பொறுமையில்லாதவர் முதல் வரிசையிலேயே எழுந்து போயிருப்பார். நாம் ஆராய வேண்டியவரோ முழு ஸ்வெட்டரையும் பின்னி முடித்துவிட்டு அழுகிறவர்.

ஆகவே நாம் முன்வைக்கும் கோட்பாடு இது: துயரத்தின் அளவு பிழையின் அளவைப் பொறுத்ததன்று. பிழை நேர்ந்த இடத்துக்கும் அது கண்ணில் படும் இடத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. இதற்குப் 'பிழைத் தொலைவு' என்று பெயரிடுகிறோம். அலகு, வரிசை.

வரலாறும் இதற்குச் சான்று. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்திலிருந்து வந்த, கட்டைவிரல் தனியாகப் பிரிந்த பழைய காலுறைகள் உள்ளன. கி.பி. 300க்கும் 499க்கும் இடைப்பட்டவை. பார்க்க நம் பின்னல் போலவே இருக்கும். ஆனால் ஒற்றை ஊசியால், ஒவ்வொரு கண்ணிக்கும் நூல் முழுவதையும் இழுத்து வாங்கிச் செய்தவை. அந்த முறையில் நுனியைப் பிடித்து இழுத்தால் ஒன்றும் அவிழாது. இரண்டு ஊசி வந்த பிறகுதான் இழுத்தால் எல்லாம் அவிழும் வசதி வந்தது. திருத்த முடியும் என்ற நம்பிக்கையும் அன்றுதான் பிறந்தது. மனிதர் கெட்டதும் அதனால்தான்.

1589இல் இங்கிலாந்தின் கால்வர்ட்டன் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியைக் கண்டுபிடித்தார். கைப்பின்னலிலேயே மூழ்கிக் கிடந்த ஒரு பெண்ணின் கவனத்தைப் பெற முடியாத காதலே காரணம் என்பார்கள். லீக்குக் காலுறையின் குதிகால் திருப்பம் கைவரவில்லை என்பது என் கட்சி. ராணி முதலாம் எலிசபெத் அந்தப் பொறிக்குக் காப்புரிமை தர மறுத்துவிட்டார். இன்று திருப்பூரில் ஓடும் நிட்டிங் மெஷின்களுக்கு அந்தப் பொறிதான் மூதாதை. அங்கே ஊசி ஒன்று பழுதானால் துணியில் நீளவாக்கில் கோடு விழும், ஆள் பார்த்ததும் மெஷினை நிறுத்துவார். பிழைத் தொலைவு சில அடி. யாரும் அழுவதில்லை.

இனி, நுட்பங்களைத் தொலைவின்படி தரம்பிரிக்கலாம்.

வட்டப் பின்னலுக்கான குறிப்புகளில் எல்லாம் ஓர் எச்சரிக்கை வரும்: கண்ணிகளை வட்டமாகச் சேர்க்கும்போது முறுக்கிவிடாதே. கற்பவர் முறுக்கியிருப்பார். முதல் வரிசையில் தெரியாது, இரண்டாவதில் ஐயம் வரும், மூன்று அங்குலம் வளர்ந்த பிறகு தொப்பி எட்டு வடிவில் நிற்கும். இதை 'மோபியஸ் பட்டை' என்று பின்னுவோர் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அது பிழை. 1858இல் மோபியஸ் ஆராய்ந்த பட்டைக்கு விளிம்பு ஒன்றே. நம்மவர் தொப்பிக்கோ தொடங்கிய விளிம்பு ஒன்று, ஊசியில் தொங்கும் விளிம்பு ஒன்று, ஆக இரண்டு. எனவே அது அரைமுறுக்கு அன்று, முழுமுறுக்கு. கணிதத்தின் ஆறுதல்கூட அவருக்கு இல்லை, அவிழ்க்கத்தான் வேண்டும்.

கண்ணிகளின் அளவு பார்க்க முதலில் பின்னும் அளவுத்துண்டு இன்னும் மோசம். 10 செ.மீ. அகலத்தில் 22 கண்ணி வர வேண்டிய இடத்தில் 20 வந்தால் வித்தியாசம் வெறும் இரண்டு. ஆனால் 220 கண்ணிகளில் 100 செ.மீ. வர வேண்டிய மார்புச் சுற்று 110 ஆகிவிடும். இது தெரியவருவது ஸ்வெட்டரைத் தலைவழியே மாட்டும்போது.

இதற்கு எதிர்த்திசையில் நிற்பது ஷெட்லாந்துத் தீவுகளின் கத்தரி வேலை. பல வண்ணத்தில் குழாய்போலப் பின்னி முடித்து, முன்பக்கத் திறப்புக்காக அதை நடுவே கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். அந்த ஊர்க் கம்பளியின் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் பிரிந்து போகாது. கேட்கவே குலை நடுங்கும். ஆயினும் இதனால் மனமுடைந்தவர் குறைவு. விளைவு அந்த நொடியிலேயே தெரிந்துவிடுகிறது. தொலைவு பூஜ்யம். அச்சம் வேறு, துயரம் வேறு என்க.

அடுத்து கிச்சனர் தையல். காலுறையின் விரல் நுனியைத் தடிப்பு இல்லாமல் மூடும் முறை. 1902 முதல் 1909 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த கிச்சனர் பிரபு, சிப்பாய்களின் விரல் நோகாதிருக்க இதை வழங்கினார் என்பது கதை. உறுதியான சான்று இல்லை. 1916இல் அவர் சென்ற கப்பல் ஆர்க்னி தீவுகளருகே கண்ணிவெடியில் மூழ்கியதால் குறுக்குவிசாரணைக்கும் வழியில்லை. முறை இது: முன் ஊசியில் நிட் போலக் குத்திக் கழற்று, அடுத்ததைப் பர்ல் போலக் குத்தி விட்டுவை, பின் ஊசியில் பர்ல் போலக் குத்திக் கழற்று, அடுத்ததை நிட் போலக் குத்தி விட்டுவை. ஒவ்வொரு கண்ணிக்கும் இருமுறை போக வேண்டும், முதல்முறை கழற்றக் கூடாது. மந்திரம்போல முணுமுணுத்துக்கொண்டே செய்பவரை இடையில் கேஸ் சிலிண்டர்காரர் மணியடித்து எழுப்பிவிட்டால், திரும்பி வந்து உட்கார்ந்தவருக்கு முன்னும் தெரியாது பின்னும் தெரியாது. இங்கே நம் கோட்பாடு சற்றுத் தள்ளாடுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. மூடும் வேலை ஒரே வரிசை. துயரமோ ஒரு காலுறை நீளம். அலகை வரிசையிலிருந்து அழைப்புமணிக்கு மாற்றுவது பற்றிப் பரிசீலிக்கிறோம்.

1971இல் எலிசபெத் ஸிம்மர்மன் வெளியிட்ட நூலின் பெயர் தமிழில் 'கண்ணீரின்றிப் பின்னல்' என்று வரும். ஒன்றை இல்லையென்று தலைப்பிலேயே சொல்ல வேண்டுமானால், அது ஊரெல்லாம் இருந்திருக்க வேண்டும். பின்னுவோர் கையாளும் பரிகாரமும் உண்டு: வேறு நிற மெல்லிய நூலை ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதிலும் கோத்துவைப்பது. எவ்வளவு அவிழ்த்தாலும் அந்த வரிசையோடு நிற்கும். பிழையை இது தடுக்காது, தொலைவுக்கு எல்லை கட்டும். கற்பவர் அந்த நூலை, ஊசியில் மாட்டியுள்ள அடையாள வளையங்களுக்குள்ளும் சேர்த்துக் கோத்து, வளையங்களை அங்கேயே சிறைவைத்துவிடுவார் என்பது தனிச் செய்தி.

மிகப் பெரிய பிழைத் தொலைவு எது? டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலின் முடிவுரைப் பகுதியில் அன்னா மக்காரோவ்னா என்பவள், ஒரே ஊசிகளில் இரண்டு காலுறைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னுகிறாள். முடிந்ததும் குழந்தைகள் சூழ்ந்து நிற்க, ஒன்றிலிருந்து மற்றொன்றை வெளியே இழுக்கிறாள், வீடே ஆர்ப்பரிக்கிறது. இதில் இரு நூலும் ஏதாவதொரு கண்ணியில் மாறிக்கொண்டால் இரண்டு காலுறையும் அங்கே ஒட்டிப்போகும். தெரியவருவதோ கடைசி இழுப்பில், அத்தனை குழந்தைகள் முன்னிலையில். அப்படியொரு மாலை அவளுக்கு வாய்த்ததா? ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதிய டால்ஸ்டாய் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. அவர் பின்னக் கற்றவர் அல்லர் போலும்.