தகராறு உண்டா, ஆச்சி?

காது கேளாமை முதியவர்களை எவ்வளவு வாட்டுகிறது என்று அளக்க, 1982-இல் அமெரிக்காவில் வென்ட்ரியும் வைன்ஸ்டீனும் 25 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை வகுத்தார்கள். 'ஆம்' என்றால் 4, 'சில நேரம்' 2, 'இல்லை' 0. செவிக்கருவி மாட்டுமுன் ஒருமுறை, மாட்டிய பின் ஒருமுறை கேட்பார்கள். எண் குறைந்தால் கருவிக்கு வெற்றி.

தமிழாக்கத்துக்கு முறை உண்டு. மொழிபெயர்த்து, மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பி, கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் காட்டும் குரோன்பாக் ஆல்பா 0.7-ஐத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அது தாண்டிவிடும். நாஞ்சில் நாட்டு ஆச்சியைத் தாண்டுவதுதான் பாடு.

காது கேளாததால் கோயிலுக்குப் போவது குறைந்ததா? கொடை நாளில் வில்லுப்பாட்டின் குழாய் ஒலிபெருக்கி வாசல் தென்னையிலேயே கட்டியிருக்கும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் மட்டும். ஆக, 0. உறவினரோடு உணவகத்தில் சிரமமா? அவியலும் எரிசேரியும் விளம்பும் பந்தியில் எவர் பேசுகிறார்? 0. வீட்டாரோடு தகராறு?

"செவி கேட்டாத்தானே மக்கா சண்டை வரும்!"

அதற்கும் 0.

கருவி மாட்டிய மறுநாள் அடுக்களையில் மருமகள் முனகுவது தெளிவாக விழும். எண் ஏறும். கணக்குப்படி கருவி தோல்வி.

வாழ்க்கைத்துணைக்கென்று இதே படிவத்தின் தனி வடிவம் ஏற்கெனவே உண்டு. தமிழாக்குவோர் மருமகளுக்கும் ஒன்று அச்சடித்தால் நல்லது.