குட்டி யானையின் வால்

அமெரிக்காவில் பிக்கப் வண்டியில் ஏடிவி என்கிற நாலு சக்கர பைக்கை ஏற்றி, பின்னால் கேம்பர் என்கிற வீட்டு வண்டியையும் இழுக்க ஆயிரம் கணக்குப் பார்ப்பார்களாம். திண்டுக்கல்–ஒட்டன்சத்திரம் சாலையில் ஒரு கயிறு போதும். 2005-இல் வந்த டாடா ஏஸ், நம் குட்டி யானை. முக்கால் டன் பாரம் என்பது கம்பெனி கணக்கு. சிமெண்ட் மூட்டைகள், அவற்றின்மேல் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் சயனத்தில். சங்கிலியில் தொங்கும் பின்கதவு நம்பர் பிளேட்டை மறைக்கிறது (வசதிதான்). பின்னால் கலவை மெஷின்.

பாரம் பின் அச்சைத் தாண்டினால் முன்சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் பேச்சு கேட்காது. சொன்னால், "முன்னாடி ரெண்டு பேரு கூட உக்காந்தா சரியாப் போயிரும்ண்ணே" என்கிறார் டிரைவர். அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். மிஞ்சும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இரவில் பின்னால் வருகிறவர்கள் பார்த்து வாருங்கள், மெஷினுக்கு விளக்கு கிடையாது.